இடது பக்கத்தில் ஒரு பெயர்

ஆறரை மணிக்கு எழுகிறேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறேன். முந்தின நாள் கஞ்சியைச் சூடாக்கி நின்றபடியே சாப்பிடுகிறேன். தட்டைக் கழுவுகிறேன். ஏழரைக்குக் கோயில் பூட்டைத் திறக்கிறேன்.

முதலில் ஈரமானி. ஒன்பது டிகிரி, எழுபத்தொரு சதவீதம். நோட்டில் எழுதுகிறேன். எலிப்பொறிகள் இரண்டையும் பார்க்கிறேன். வாசல் பெட்டியிலிருந்து கம்பளிச் செருப்புகளை எடுத்து ஜோடி ஜோடியாக வைக்கிறேன். பூட்ஸுக்கு மேலேயே மாட்டி நாடாவால் கட்டிக்கொள்ளும் செருப்பு. தரைப்பலகை தேயாமல் இருப்பதற்கு. முப்பத்தெட்டு ஜோடி. பிறகு வினிகர் கலந்த தண்ணீரையும் பழைய மாவட்டச் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு, புனித நிக்கொலாவின் படம் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிறேன்.

கண்ணாடியில் உதட்டுத் தடங்கள் இருக்கும். பொருள்களைத் தொடக் கூடாது என்று பக்கத்திலேயே அட்டை வைத்திருக்கிறோம். யாரும் தொடுவதில்லை. முத்தமிடுகிறார்கள். தடத்தின் உயரத்தை வைத்தே முந்தின நாள் யார் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். மேல் மூலையில் இருந்தால் கொதிகலன் பார்க்கும் ட்ரிஃபோன். நடுவில், கொஞ்சம் சிவப்பாக, சாயம் பூசிய உதடு என்றால் ஃபைனா அத்தை. என் மனைவி உல்யானா ஒருநாளும் முத்தமிட்டதில்லை. துடைப்பதற்கு முன் கண்ணாடியில் ஊதுவாள், அவ்வளவுதான்.

வாசல் பலகையில் வட்டார வரலாற்று அருங்காட்சியகம் என்று இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் கோயில் என்கிறார்கள். மீதிப் பேர் கிளப் என்கிறார்கள். மணிக்கோபுரத்தை இடித்த பிறகு இது தானியக் கிடங்காக இருந்தது. அப்புறம் கிளப். படம் காட்டுவதற்காக மேற்குச் சுவரில் குடைந்த இரண்டு சதுர ஓட்டைகள் இன்னும் இருக்கின்றன. நாற்பது வருஷமாக அருங்காட்சியகம். பலிபீடம் இருந்த இடத்தில் கூட்டுப்பண்ணையின் பால் கடையும் இயந்திரம் நிற்கிறது. அதை அங்கே வைத்தவர்கள் இப்போது இல்லை. நகர்த்துவதற்கு ஆறு பேர் வேண்டும்.

உல்யானா இந்த உஸ்த்-கேல்மாவில் பிறந்தவள். நான் இல்லை. கல்லூரியில் வரலாறு படிக்கும்போது பழக்கம். அருங்காட்சியகம் அவளுடைய வேலை. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். அக்டோபரில் அவளுக்கு நோய் தெரிந்தது. மார்ச் பதினொன்றாம் தேதி நகரத்து மருத்துவமனையில் இறந்தாள். ஏப்ரலில் அவள் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வேறு யாரும் கேட்கவில்லை.

மாவட்டச் செய்தித்தாளில் கால் பக்கத்துக்கு எழுதினார்கள். "அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே அவருடைய கடைசி வார்த்தைகள்" என்று முடித்திருந்தார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு இதழை மட்டும் கண்ணாடி துடைக்க எடுப்பதில்லை.

இனி பார்வையாளர் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரில் பாதிரியார் கிடையாது. மாவட்ட நகரத்திலிருந்து ஃபாதர் வெனியமின் வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். டிசம்பரில் ஒரு நிக்கொலா நாள், மே மாதத்தில் ஒரு நிக்கொலா நாள். மற்ற நாள்களில் கோயிலில் பெயர் கொடுத்து ஜெபிக்கச் சொல்ல வழியில்லை. அதனால் பார்வையாளர் புத்தகத்தில், "மிகவும் பயனுள்ள கண்காட்சி" என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதற்குக் கீழேயே பெயர்களை எழுத ஆரம்பித்தார்கள். எது உயிரோடிருப்பவருக்கு, எது இறந்தவருக்கு என்று தெரியாமல் குழம்பியது. உல்யானா தனியாக ஒரு புத்தகம் வாங்கி வைத்தாள். இடது பக்கத்துக்குத் தலைப்பு: உடல்நலத்துக்கு. வலது பக்கத்துக்குத் தலைப்பு: ஆன்ம சாந்திக்கு. வாரத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு. ஃபாதர் வரும்போது சுத்தப்பிரதி எடுத்துக் கொடுத்தால் அவர் இரண்டு பட்டியலையும் சத்தமாகப் படிப்பார்.

அக்டோபரிலிருந்து இடது பக்கம் முழுக்க உல்யானா, உல்யானா என்று இருந்தது. ஊரே எழுதியது. மார்ச் பதினொன்றுக்குப் பிறகு ஒருவர் மட்டும் எழுதுகிறார். நான். திங்கட்கிழமை புதுப் பக்கம் திருப்பியதும் முதல் வரியில் எழுதிவிடுவேன். எனக்கு நம்பிக்கை கிடையாது. எழுதுவேன்.

மார்ச் கடைசியில் யாரோ வலது பக்கத்தில் உல்யானா என்று எழுதியிருந்தார்கள். கத்தியால் அந்தத் தாளை வெட்டி எடுத்தேன். வரலாறு படித்தவன் செய்யக் கூடாத காரியம். அதற்குப் பிறகு யாரும் அப்படி எழுதவில்லை.

மே நிக்கொலா நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஃபைனா அத்தை வந்தார். முப்பது வருஷம் தபால் கொடுத்தவர். இன்னும் கதவைத் தட்டாமல் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நுழைவார். உல்யானாவுக்கு ஞானத்தாய். பெற்ற தாய் இல்லாததால் நான் அவருக்கு மருமகன் முறை.

"மாப்ளே! உயிரோட இருக்கியா?"

"இருக்கேன் அத்தே. செருப்பு மாட்டிக்கோங்க."

"இந்தத் தரையில நான் ஹீல்ஸ் போட்டு டான்ஸ் ஆடியிருக்கேன். அப்ப தேயாத பலகை இப்ப தேஞ்சிடுமா?" சொல்லிக்கொண்டே குனிந்து நாடாவைக் கட்டினார். "இதோ இந்தத் தூண்கிட்டதான் எம் புருஷன் மொத மொத என் கால மிதிச்சான். அதுக்கு ஒரு அட்டை எழுதி வையி."

புத்தகத்தைத் திறந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு வலது பக்கத்தில் கியோர்கி என்று தன் அப்பாவின் பெயரை எழுதினார். ஊரில் அவர் யெகோர்தான். ஃபாதருக்கு ஊர்ப்பெயர் ஆகாது, ஞானஸ்நானப் பெயர் வேண்டும். பிறகு இடது பக்கத்தைப் பார்த்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

நான் எலிப்பொறியை ஓரமாகத் தள்ளினேன்.

"திமா. ஃபாதர் வியாழக்கிழமை வராரு. எல்லார் முன்னாடியும் படிப்பாரு. செத்தவள உடம்பு நல்லா இருக்கணும்னு வேண்டினா, அவ எங்க போவா? இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம நிப்பா. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான். தொட்டியில முக்கி எடுத்தப்ப கையில வாங்கினவ நான்."

"பதிவேட்டுல திருத்தக் கூடாது அத்தே. விதி."

"கத்தியால வெட்டலாமா? அதுக்கு விதி இருக்கா?"

தெரிந்திருக்கிறது. நான் ஈரமானியைப் பார்த்தேன். எழுபத்திரண்டு.

"ஒரு கோடுதான் மாப்ளே. அடிச்சிட்டு அந்தப் பக்கம் எழுதிடு. நீயே எழுதணும். நான் எழுதினா நீ என்கூடப் பேச மாட்ட."

"எழுத மாட்டேன்."

"சரி." கண்ணாடியைக் கழற்றினார். "நிக்கொலாவே, இவனுக்குக் கொஞ்சம் மூளையக் குடு. படிப்பு நிறைய இருக்கு." கண்ணாடிப் பெட்டியை முத்தமிட்டார். நடுவில், கொஞ்சம் சிவப்பாக.

அவர் போன பிறகு சுத்தப்பிரதி எடுக்க உட்கார்ந்தேன். டிசம்பரில் எடுத்தவர் ஃபைனா அத்தைதான். நான் அப்போது மருத்துவமனையில் உல்யானா பக்கத்தில் இருந்தேன்.

இடது பக்கத்துப் பெயர்கள் சுலபம். எல்லாரையும் எனக்குத் தெரியும். வலது பக்கத்தில் ஒரு பெயர் ஏப்ரல் தொடக்கத்திலிருந்தே என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. யூலியானியா. வாரத்துக்கு மூன்று, நான்கு தடவை. எல்லாம் வேறு வேறு கையெழுத்து. இந்த ஊரில் அப்படி ஒருவர் இறந்ததாகத் தெரியவில்லை. அருங்காட்சியகத்துக்கு இது வேலைதான். ஒரு அட்டை எடுத்து "யூலியானியா. யார்?" என்று எழுதி வைத்திருந்தேன்.

ட்ரிஃபோனைக் கேட்டிருந்தேன். கொதிகலனுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தார்.

"யூலியானியாவா?" விறகைக் கீழே வைத்தார். வெகுநேரம் கையுறையைத் தட்டினார். "ஆத்துக்கு அக்கரைல இருந்த பொம்பளையா இருக்கும்."

"இத்தன பேர் எழுதறாங்களே?"

"நல்ல மனுஷி போல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கேன். பாட்டு வராது, ஆனா பாடுவா." அடுப்புக் கதவைச் சாத்தினார். "போ திமோஃபெய். புகை கண்ணுல படுது."

கடைக்காரியைக் கேட்டேன். "கடன் சொல்ல மாட்டாங்க. சாக்லெட் மட்டும் ஒண்ணுக்கு ரெண்டா வாங்குவாங்க," என்றாள். அட்டையில் எழுதினேன்: அக்கரை. குரல் இல்லை, பாடுவார். சாக்லெட். பிறந்த வருஷம் தெரியவில்லை. தேடும் பொருள்களின் பெட்டியில் வைத்தேன். எனக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்திருந்தது. ஊருக்கே தெரிந்தவர், எனக்கு மட்டும் தெரியாதவர்.

சுத்தப்பிரதியில் அவர் பெயர் இருபத்தாறு தடவை வந்தது. பதிவில் இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும் என்பதால் இருபத்தாறையும் எழுதினேன். இடது பட்டியலில் ஆளுக்கு ஒரு தடவைதான் வழக்கம். அதில் ட்ரிஃபோனுக்கும் ஃபைனாவுக்கும் நடுவில் உல்யானா என்று எழுதினேன்.

வியாழக்கிழமை காலை அதே வேலைகள். கண்ணாடியைத் துடைத்தேன். பத்து மணிக்குப் படகு வந்தது. ஆற்றில் பனி உடைந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கரையெல்லாம் சேறு. ஃபாதர் வெனியமின் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினார். வாசலில் அவருக்கும் கம்பளிச் செருப்பு. அவர் கால் பெரியது. நாடா எட்டவில்லை. ட்ரிஃபோன் சணல் கொடுத்தார்.

"டிக்கெட் வாங்கணுமா?" என்று ஃபாதர் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"மதத் தொழிலாளிக்கு இலவசம்," என்றார் ட்ரிஃபோன். அவரும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

முப்பத்தெட்டு ஜோடியும் போதவில்லை. பிந்தி வந்தவர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றார்கள். யாரும் நடக்கவில்லை, உரசிக்கொண்டே நகர்ந்தார்கள். அத்தனை பேர் இருந்தும் காலடிச் சத்தம் இல்லை. ஃபாதர் பால் கடையும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். புகையும் மெழுகும் நிக்கொலா படத்துக்கு ஆகாது என்று எழுத்தில் இருக்கிறது. ஒரு மெழுகுவத்திக்கு மட்டும் அனுமதி. தீப்பிடித்தால் ஊற்றுவதற்கு நான் வாளித் தண்ணீரோடு கடைசியில், சினிமா ஓட்டைகளுக்குக் கீழே நின்றேன்.

எனக்கு ஒரு விஷயம்தான் தேவையாக இருந்தது. அந்தப் பெயர் இடது பட்டியலில் ஒருமுறை சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உயிரோடிருப்பவர்கள் நடுவில், ஒரு தடவை. ஃபைனா அத்தை முன்வரிசையில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் விறைப்பாக இருந்தது.

ஃபாதர் என் தாளை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படித்தார். வேகமாக, ஒரே சுருதியில். மெலானியா. நிக்கித்தா. ஸோயா. ஊரின் உயிரோடிருக்கும் பெயர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்து, வரிசை தெரியும். பவேல். ட்ரிஃபோன்.

"யூலியானியா," என்று படித்தார். "ஃபைனா."

தவறான தாளை எடுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். வலது பட்டியலின் பெயரை எப்படி இதில் படித்தார்? பிறகு அவர் எதைப் பார்த்து அதைப் படித்தார் என்று புரிந்தது.

யெகோர் கியோர்கி ஆவதுபோல. அக்ஸின்யா க்ஸேனியா ஆவதுபோல. உல்யானா, யூலியானியா. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். அதில் ஒரு பருவத் தேர்வே எழுதியிருக்கிறேன். உல்யானாவுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் அவள் உல்யா. அடக்கத்தன்று பாதிரியார் வரவில்லை. ஃபைனா அத்தை மாவட்ட நகரத்துக்குப் போய் அங்கேயே ஜெபம் சொல்ல வைத்து, காகிதப் பொட்டலத்தில் மண் கொண்டுவந்தார். நான் அதைக் கல்லறை மேல் தூவினேன். அங்கே என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

முன்வரிசையில் யாரும் திரும்பவில்லை. ட்ரிஃபோன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபாதர் இரண்டாவது தாளை எடுத்தார். கியோர்கி. யூலியானியா. அன்ஃபீஸா. யூலியானியா. யூலியானியா. மத்வேய். யூலியானியா. இருபத்தாறு தடவை. ஓரிடத்தில் நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி படித்தார். எல்லாம் என் கையெழுத்து. யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

வாளியைக் கீழே வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. மீன் பணியாரம் சாப்பிட ஃபாதரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பூட்டிவிட்டு வருகிறேன் என்றேன்.

ஈரம் எண்பத்தாறு. எழுதினேன். தரையில் மெழுகு சொட்டு மூன்று. கத்தியால் சுரண்டினேன். கண்ணாடி முழுக்கத் தடங்கள். ஒன்றின்மேல் ஒன்று, யாருடையது என்று பிரிக்க முடியாது. துடைக்காமல் விட்டேன். செருப்புகளை ஜோடி சேர்த்தேன். முப்பத்தேழு ஜோடி. ஒற்றைச் செருப்பு ஒன்று. மறுபடி எண்ணினேன். அதே கணக்கு.

பெட்டியிலிருந்து அட்டையை எடுத்தேன். அக்கரை. குரல் இல்லை, பாடுவார். சாக்லெட். "யார்?" என்பதை அடித்தேன். பிறந்த வருஷத்தை எழுதினேன். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு மார்ச் பதினொன்று என்று எழுதினேன்.

"மாப்ளே!"

ஃபைனா அத்தை வாசலில் நின்றார். ஒரு காலில் பூட்ஸ். மறு காலில் பூட்ஸுக்கு மேல் கம்பளிச் செருப்பு, சேறு அப்பியபடி.

"தபால் ஆபீஸ்கிட்ட போனப்பறந்தான் பாத்தேன். அந்தப் பெட்டிக்கடைக்காரி சிரிக்கறா. ஒண்ண அவுத்திருக்கேன், ஒண்ண மறந்திருக்கேன். இனி என்னைய இங்க வெச்சிடு, ஒரு அட்டை எழுதி." பெஞ்சில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நான் குனிந்து அவிழ்த்தேன்.

"எல்லார்கிட்டயும் சொன்னது நீங்கதானா?"

"நாந்தான். வீடு வீடாப் போனேன். தபால் குடுத்த வழிதானே." என் தலைக்கு மேலே பேசினார். "நீ வெட்டிடுவேன்னுதான். உனக்குத் தெரியாத பேரா எழுதச் சொன்னேன். காலேஜ் படிச்சவனாச்சே, ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிடுவான்னு ட்ரிஃபோன் சொன்னான். ஏழு வாரம் ஆச்சு. அட்டை வேற போட்டியாமே?"

"போட்டேன்."

"கோவமா?"

"இல்ல."

"எனக்கு இருக்கு. இன்னிக்கு இடது பக்கம் படிக்க வெச்சிட்டியே."

செருப்பைப் பெட்டியில் வைத்தேன். மேஜையில் புத்தகம் திறந்து கிடந்தது. அடுத்த வாரத்துக்கான பக்கங்கள், இரண்டும் காலி. வழக்கமாக நான் இடது பக்கத்து முதல் வரியில்தான் ஆரம்பிப்பேன். பேனாவை எடுத்தேன். வலது பக்கத்தில் உல்யானா என்று எழுதினேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "ஊர்ப்பேரு ஆகாது."

"அவர் மாத்திப் படிச்சுக்குவார்."

"படிப்பாரு." முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். உதட்டுச் சாயம் துண்டுக்குப் போனது. "பேப்பர்ல போட்டிருந்தானே, கடைசில அருங்காட்சியகத்தப் பாத்துக்கங்கன்னா சொன்னா?"

"இல்ல."

"நெனச்சேன். அப்படி மேடையில நிக்கற மாதிரிப் பேசற பொண்ணு இல்ல அவ. அப்ப என்னதான் சொன்னா?"

இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். சொன்னேன். அன்று காலை வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். நகரத்து மருத்துவமனையில் ஷூவுக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டாமல் உள்ளே விட மாட்டார்கள். ஒன்றை மாட்டும்போது மற்றது கிழிந்துவிட்டது. நர்ஸ் வேகமாக வரச் சொன்னாள். அப்படியே போனேன். உல்யானா கண் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து தலையைக் கொஞ்சம் சாய்த்துத் தரையைப் பார்த்தாள்.

"என்ன திமா, ஒத்தக் கால்லதான் மாட்டியிருக்க."